புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
10.8.2024

அன்புள்ள தம்பி மதனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் நலம்தான் என்று தெரியும். நேற்று நாகமணியும் வான்மதியும், அக்காவும் தங்கையுமாக, ஒன்றரை மணி நேரம் போனில் பேசினார்கள். உங்கள் வீட்டு டிஷ்வாஷர் ஒழுகுவதுவரை எனக்குத் தகவல் வந்துவிட்டது. ஆனால் நான் சொல்லப்போவது போனில் சொல்கிற விஷயமில்லை. பழைய துப்பாக்கி பற்றிய பேச்சு எதுவானாலும் தாளில், தேதி போட்டு, கையெழுத்தோடு இருக்க வேண்டும், அந்தத் தாள்தான் நாளைக்கு அதற்குச் சாட்சி என்று போன தேங்க்ஸ்கிவிங்குக்கு உன் வீட்டில் வைத்து நீதான் சொன்னாய். சகலை சொல்லை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்? பேனா தேடவே அரை மணி நேரம் ஆயிற்று.

தம்பி, நான் ஒரு ரிவால்வர் வாங்கிவிட்டேன்.

டெய்லர் என்கிற ஊரில் டோரத்தி என்று ஒரு அம்மா, எண்பத்தாறு வயது, வீட்டைக் காலி செய்து மகளோடு போகிறார். வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று போர்டு பார்த்தேன். நாகமணிக்குத் தோட்டத்து நாற்காலி வாங்கலாம் என்று வண்டியை நிறுத்தினேன். ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பழைய ஃபிளானல் துணியில் சுற்றி இருந்தது. உன் ஆல்பத்தில் எத்தனை தடவை காட்டியிருக்கிறாய், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. 1851 மாடல் நேவி ரிவால்வர். சுழலும் உருளையைச் சுற்றிக் கப்பல் சண்டைப் படம் கண்ணுக்குத் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நம்பர் எல்லாப் பாகத்திலும் ஒன்றுதான், மாற்றிப் போட்டது எதுவும் இல்லை. அந்த அம்மாவுடைய பாட்டியின் அப்பா வைத்திருந்ததாம். குதிரைக் கோச் வண்டி ஓட்டியவராம். பெயர் 'கிராண்ட்பா ஏமோஸ்' என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

கைப்பிடியின் முதுகில் ஒரு பித்தளைப் பட்டை வருகிறதல்லவா, அது கன்னங்கரேலென்று இருக்கிறது. அதில் கோழி கிளறியதுபோல் சில கீறல்கள். போட்டோ எடுத்தால் வெளிச்சம் அடித்து ஒன்றும் விழவில்லை. அதனால் சின்ன வயதில் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அப்படித் தேய்த்து எடுத்த காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரம், வேறு பிரதி கிடையாது.

இதை யார் வைத்திருந்தார், எங்கெல்லாம் போனது, நீதான் கண்டுபிடித்துத் தர வேண்டும். வாங்கத்தான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் நீ.

அன்புடன்,
கருப்பசாமி


ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
21.8.2024

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்பவில்லை. இரண்டாம் முறை வயிறு எரிந்தது. சகலைக்குள் ஒளிவுமறைவு எதற்கு?

பதினைந்து வருடமாக நான் இந்தப் பைத்தியத்தோடு அலைகிறேன். ரீனோவில் கண்காட்சி என்றால் ஐந்து மணி நேரம் டிரைவ் பண்ணிக்கொண்டு போகிறேன். சங்கத்துப் பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறேன். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் தங்கள் துப்பாக்கிக்கு ஊர் பேர் கண்டுபிடித்துத் தரச் சொல்லி எனக்கு எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட என் வீட்டில் இருப்பது என்ன? குழல் ஒரு துப்பாக்கியுடையது, உருளை இன்னொன்றுடையது, கைப்பிடி போன நூற்றாண்டில் எவனோ செதுக்கியது. நீங்கள் நாற்காலி வாங்கப் போய் நேவியோடு வருகிறீர்கள். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். என் வீட்டுக் கூரைதான் ரொம்ப உறுதி போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சேகரிப்பாளர் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. பாட்டியின் அப்பா கதை டெக்சாஸில் ஒவ்வொரு பரணிலும் இருக்கிறது. இந்தக் காலத்து ரிவால்வர்களுக்குத் தொழிற்சாலைப் பதிவேடு அநேகமாகக் கிடைக்காது. அதனால் ஆளைத்தான் தேட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கில் ஏமோஸ் என்ற பெயரில் கோச் ஓட்டி யாராவது இருக்கிறாரா பார்க்கிறேன். இருந்தால் அவர் இறந்தபோது கவுண்டி ஆபீஸில் சொத்துப் பட்டியல் ஏதாவது கொடுத்தார்களா என்று எழுதிக் கேட்கிறேன். அந்தப் பட்டியலில் துப்பாக்கி இருந்தாலும் அது உங்கள் துப்பாக்கிதான் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அடையாளம் இல்லையென்றால் அது ஊரில் இருக்கும் ஆயிரத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

பென்சில் காகிதம் வந்தது. பார்த்துச் சொல்கிறேன். அக்காவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பும் எரிச்சலும் கலந்த
மதன்


ரவுண்ட் ராக்
9.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நாகமணிக்கு வாசித்துக் காட்டினேன். கூரை விஷயத்துக்குச் சிரித்தாள். மற்றபடி அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. "எந்த உயிரை எடுத்ததோ, அதக் கொண்டாந்து கட்டிலுக்கு அடியில வச்சிருக்கீங்க" என்று தினமும் ஒரு வேளை. அதனால் ரிவால்வர் இப்போது கராஜில், கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது.

வெளியே அதற்கு நல்ல மரியாதை. அக்டோபர் 19-ஆம் தேதி ஆஸ்டின் பக்கம் ஒரு பெரிய கண்காட்சி. டோரத்தி அம்மாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் அதை நடத்துகிறார். எனக்கென்று தனி மேசை தருகிறாராம்! ஒரு வீட்டிலேயே இவ்வளவு காலம் இருந்த துப்பாக்கி அபூர்வம் என்கிறார். மாமாவுக்குப் படம் அனுப்பினேன். கோவில்பட்டி முழுக்கக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன், நேற்று முன்பின் தெரியாத ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எனக்கு வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்பியிருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். உனக்கு வருத்தமில்லையே? நான் வேண்டுமென்று உன் வழியில் குறுக்கே வரவில்லை. உன்னைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. கண்காட்சிக்கு நீயும் வா. என் மேசையில் நீ உட்கார்ந்து விளக்கம் சொல்லு. எனக்கு யாராவது கேள்வி கேட்டால் பதில் தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

ஏமோஸ் கிடைத்தாரா?

அன்புடன்,
கருப்பசாமி


ஃப்ரீமான்ட்
20.9.2024

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். மாமா எனக்கும் போன் பண்ணினார். என்ன சொன்னார் என்று அப்படியே எழுதுகிறேன். "சின்ன மாப்ள, பெரியவரு ஏதோ சரித்திரத் துப்பாக்கி வாங்கியிருக்காராம்ல? உங்களுக்கும் அதுல கொஞ்சம் இஷ்டம் உண்டுன்னு வானு சொன்னா. அவருட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கோங்க."

உங்களிடம் கேட்டு! நான்! வான்மதி பக்கத்தில் இருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வருத்தமில்லையே என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. கிரீன் கார்டு உங்களுக்கு நான்கு வருடத்தில் வந்தது, எனக்குப் பதினொன்று. வீடு நீங்கள் வாங்கினால் அடுத்த வருடமே விலை ஏறுகிறது. நான் வாங்கினால் பக்கத்தில் ஃப்ரீவே அகலப்படுத்துகிறார்கள். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இது ஒன்றாவது என்னுடையது என்று இருந்தேன். மாமனார் வீட்டில் யாருக்கும் புரியாத, யாரும் போட்டிக்கு வராத ஒரு மூலை. அதிலும் இப்போது நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏமோஸ் விஷயத்தில் நல்ல செய்தி இல்லை. தேடினேன், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பென்சில் காகிதத்திலும் ஒன்றும் தெரியவில்லை, வெறும் கீறல்தான். கண்காட்சியில் ரொம்ப ஆசையாகப் பேசிவிடாதீர்கள், கேலி செய்வார்கள். 19-ஆம் தேதி எனக்கு மில்பிடாஸ் ஆபீஸில் வேலை இருக்கிறது, வர முடியாது.

மதன்


ரவுண்ட் ராக்
30.9.2024

அன்புள்ள தம்பி மதனுக்கு,

கிடைக்காவிட்டால் போகிறது, விடு. நீ தேடியே கிடைக்கவில்லை என்றால் அது இல்லை என்றுதான் அர்த்தம்.

மாமா பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவருக்கு மூத்த மாப்பிள்ளை தும்மினால்கூடச் செய்திதான். நீ பெரிய காரியம் செய்தாலும் "சின்னவருக்கு இதெல்லாம் சாதாரணம்" என்று போய்விடுவார். என்னிடம் அவர் உன்னைப் பற்றி என்ன சொல்லுவார் தெரியுமா? "விஷயம் தெரிஞ்ச ஆளு, படிச்சுப் பேசுறவரு." என்னை அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது அவசரமாக ஒரு யோசனை கேட்டு எழுதுகிறேன். நாகமணி ஒரு வழியாக இறங்கி வந்திருக்கிறாள். ஆயுத பூஜைக்குச் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டால், அதன்பிறகு வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்கிறாள். ஆனால், "கரிச்சட்டி மாதிரி இருக்கத எப்படிங்க சாமிக்கு முன்னால வைக்கிறது? குத்துவிளக்கு தேய்க்கும்போது இதையும் புளி போட்டுத் தேய்ச்சிருவோம்" என்று நிற்கிறாள். பித்தளைதானே, தேய்த்தால் என்ன என்று எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் உன்னைக் கேட்காமல் கை வைக்க மனமில்லை. பூஜை 11-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. இரண்டு வரி எழுதிப் போட்டாலும் போதும்.

அன்புடன்,
கருப்பசாமி


ஃப்ரீமான்ட்
8.10.2024

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாமிக்கு வைக்கிற பொருள் பளிச்சென்று இருக்க வேண்டியதுதானே? அக்கா சொல்வது சரி. நன்றாகத் தேய்த்து வையுங்கள்.

பூஜை சிறப்பாக நடக்கட்டும். இங்கு வான்மதி கொலு வைத்திருக்கிறாள், தினம் சுண்டல்.

மதன்


ரவுண்ட் ராக்
21.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பூஜை நன்றாக நடந்தது. புத்தகம், லேப்டாப், என் கார் சாவி, நாகமணியின் தையல் மிஷின், நடுவில் வெள்ளித் தாம்பாளத்தில் ரிவால்வர். நானும் அவளும் இரவு சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து புளியும் உப்பும் சாம்பலும் போட்டு, கம்பி நாரால் தேய்த்தோம். முதலில் கறுப்பு போனது. பிறகு வெள்ளையாகக் கொஞ்சம் போனது. கடைசியில் மஞ்சளாகப் பித்தளை வந்தது பார், புதுக் குடம்போல. மயிரிழை மாதிரி மெல்லிய அந்தக் கோழிக் கீறல்கூட இல்லாமல் சுத்தமாகிவிட்டது. இருவரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம் தம்பி. அதை எழுதும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். வேட்டி கட்டவில்லை, அவ்வளவுதான், மற்றபடி கல்யாண வீட்டுக்குப் போவதுபோலத்தான் போனேன். காலையில் முதல் ஆளாக ஒரு வெள்ளைத்தாடிக்காரர் வந்தார். கையில் எடுத்தார், திருப்பினார். கைப்பிடியின் முதுகை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இதை யாரோ தேய்த்துவிட்டார்களே" என்றார். "நான்தான்" என்றேன். அவர் துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "வருத்தப்படுகிறேன்" என்று என் தோளில் கை வைத்தார். துக்க வீட்டில் சொல்வதுபோல. அப்புறம்தான் சொன்னார்: அந்தக் கறுப்பு அழுக்கே இல்லையாம். பித்தளைக்கு மேல் பூசியிருந்த வெள்ளி கறுத்தது அது. நூற்றைம்பது வருடமாக அதன் மேல் இருந்ததை நாங்கள் அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டோம்.

மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் எதுவும் கேலியாகச் சொல்லவில்லை. வருவார்கள், பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மூன்று மணிக்கே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாகமணி தன்னால்தான் என்று அழுகிறாள். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

உனக்குக்கூட இது தெரியாமல் போயிற்றே என்றுதான் நினைத்துக்கொண்டேன். தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாயா?

கருப்பசாமி


ஃப்ரீமான்ட்
3.11.2024

அண்ணாச்சி,

உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிற எவருக்கும் நான் முதல் வரியாக எழுதுவது, எதையும் தேய்க்காதீர்கள் என்பதுதான். இதுவரை நாற்பது ஐம்பது பேருக்கு எழுதியிருப்பேன். உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. ஆகஸ்டில் எழுதியபோது மறந்துவிட்டேன் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். அக்டோபரில் நீங்கள் நேராகக் கேட்டீர்கள். அப்போது மறதி இல்லை. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் "நன்றாகத் தேய்த்து வையுங்கள்" என்று எழுதினேன். தபால் பெட்டியில் போடப் போகும்போது வான்மதி எங்கே என்று கேட்டாள். வாக்கிங் என்றேன்.

இன்னும் இருக்கிறது. ஏமோஸ் கிடைக்கவில்லை என்றது பொய். அவர் பெயர் ஏமோஸ் பெல். 1870 கணக்கில் பாஸ்ட்ராப் கவுண்டியில் கோச் ஓட்டி என்று இருக்கிறார். 1881-ல் இறந்தார். கவுண்டி ஆபீஸுக்கு எழுதிக் கேட்டேன். செப்டம்பர் 17-ஆம் தேதி அவருடைய சொத்துப் பட்டியலின் நகல் வந்தது. ஒரு கோவேறு கழுதை, இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, அப்புறம் "முதுகில் பெயர் கீறிய நேவி கைத்துப்பாக்கி ஒன்று." உங்கள் பென்சில் காகிதத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது கோழிக் கீறல் இல்லை அண்ணாச்சி. ஊசியால் கீறியது. ஏ. பெல் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். வெள்ளிப் பூச்சின் ஆழத்துக்குத்தான் கீறியிருக்கிறார். பூச்சு போனால் பெயரும் போகும். அதுவும் எனக்குத் தெரியும்.

பதினைந்து வருடத்தில் அடுத்தவர்களுக்காக எவ்வளவோ தேடியிருக்கிறேன். இப்படி ஆள், தாள், துப்பாக்கி மூன்றும் பொருந்தியது ஒரு முறைகூட இல்லை. முதல் முறையாகப் பொருந்தியது உங்களுடையதில். அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உங்களைக் கூப்பிட்டுக் கத்தியிருக்க வேண்டும். எனக்கு வந்தது அதுவல்ல. இவருக்கு இதுவுமா என்று வந்தது. நீங்கள் எதையும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சொத்துப் பட்டியல் நகலும் உங்கள் பென்சில் காகிதமும் இத்துடன் இருக்கின்றன. இரண்டையும் துப்பாக்கியின் கோப்பில் வையுங்கள். இந்தக் கடிதத்தையும் வைக்க வேண்டும். காகிதத்தில் பெயர் இருக்கிறது, துப்பாக்கியில் ஏன் இல்லை என்று நாளைக்கு எவர் கேட்டாலும் பதில் இதில்தான் இருக்கிறது. இது இல்லாவிட்டால், நீங்களே பென்சிலால் எழுதிச் சேர்த்துக்கொண்டீர்கள் என்பார்கள். ஒரு மனிதனின் பெயர் நிற்க வேண்டுமானால் என் பெயர் கெட்டுத்தான் ஆக வேண்டும்.

வான்மதியிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் நீங்கள் சொல்லுங்கள், அழ வேண்டியது அவர் இல்லை.

மதன்


ஃப்ரீமான்ட்
24.11.2024

அன்புள்ள அண்ணாச்சி,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கேட்க எனக்கு வாயில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு உங்கள் வீட்டுக்கு வருவதாக டிக்கெட் போட்டிருந்தோம், அதைக் கேன்சல் பண்ணிவிட்டேன். வான்மதி மட்டுமாவது வரட்டுமா என்று கேட்கச் சொல்கிறாள். அக்காவும் இப்போது போனில் ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுகிறாராம். இருபது வருடத்தில் இப்படி நடந்ததில்லை என்கிறாள்.

திட்டியாவது எழுதுங்கள்.

மதன்


ரவுண்ட் ராக்
15.12.2024

மதன்,

திட்டி நான்கு கடிதம் எழுதினேன். நான்கையும் கிழித்துப் போட்டுவிட்டேன். தாளில் எழுதினால் நிற்கும் என்று எனக்கும் இப்போது தெரியும்.

முதலில் ஒரு தகவல். தகவலைத் தகவலாகச் சொல்ல வேண்டும். உன் அக்டோபர் 8-ஆம் தேதிக் கடிதம் எனக்கு வந்தது 15-ஆம் தேதி. திங்கட்கிழமை தபால் விடுமுறை. பூஜை 11. நாங்கள் தேய்த்தது 10-ஆம் தேதி சாயங்காலம். உன் பதில் வரவில்லையே என்று நான் சொன்னேன். "பித்தளைக்குப் புளி போட எதுக்குங்க கலிஃபோர்னியாவுக்கு எழுதிக் கேக்கணும்?" என்றாள் நாகமணி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆக, ஏமோஸ் பெல்லின் பெயரை அழித்தது நாங்கள், எங்கள் அறியாமை. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை இது. பழம் விழுந்த பிறகு வந்து உட்கார்ந்த காக்கா நீ.

இதை உனக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். உன் பாரம் பாதி இறங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. ஐந்து வாரமாக வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருந்தேன். தவிக்கட்டும் என்று. கடைசியில் நாகமணிதான், "சொல்லாம வச்சிருக்கதுல அவரு என்ன செஞ்சாரோ அதத்தான் நீங்களும் செய்றீங்க" என்றாள். அந்தச் சொல்லுக்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆனால் நீ தப்பித்துவிட்டதாக நினைக்காதே. கடிதம் ஏழாம் நாள் வந்தாலும், நீ அதை எழுதியது எட்டாம் தேதிதான். நான் உன்னைக் கேட்டது எதற்கு? எனக்கு அதில் உன்னைத் தவிர யாரையும் தெரியாது. நம்பிக் கேட்டேன். அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பொறாமை எனக்கும் உண்டு. வானு கல்யாணத்தில் நீ மாமாவோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஏதேதோ சரித்திரம் பேசினாய், அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். அன்றிலிருந்து எனக்கும் ஏதாவது ஒன்றில் அப்படிப் பேச வேண்டும் என்று இருந்தது. நாற்காலி வாங்கத்தான் அந்த வீட்டுக்குப் போனேன், ஆனால் டின்னைத் திறந்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது உன் முகம்தான். நீ இதைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று. அதை நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

டோரத்தி அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சொத்துப் பட்டியல் நகலைக் காட்டினேன். பெல், பெல் என்று நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தார். தன் பாட்டி கல்யாணத்துக்கு முன் என்ன பெயரில் இருந்தாள் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிகிறதாம். அடுப்பு என்று இருக்கும் இடத்தைத் தொட்டு, அது நாங்கள் விளையாடிய அடுப்பாக இருக்கும் என்றார். இதையெல்லாம் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். என் சகலை என்றேன். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இப்போது முடிவாகச் சொல்கிறேன். அந்த ரிவால்வரை உனக்கு அனுப்புகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே பார்சல் வரும், நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதே. இது கராஜில் இருக்கும்வரை, விளக்குப் பெட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு உன் மேல் கோபம் புதிதாக வருகிறது. நேற்று வந்தது, இன்றைக்குக் காலையிலும் வந்தது. இது இந்த வீட்டில் இருந்தால் நான் உன்னை மன்னிக்கப் போவதில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. துப்பாக்கியா, சகலையா என்று கேட்டுப் பார்த்தேன். வானு கழுத்தில் தாலி கட்டியவனைத் திரும்ப வாங்க முடியாது. துப்பாக்கி வேண்டுமானால் டெக்சாஸில் இன்னொன்று கிடைக்கும்.

கோப்பும் அதிலேயே இருக்கிறது. உன் நவம்பர் 3-ஆம் தேதிக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டால் எவருக்கும் தெரியாது, நானும் கேட்க மாட்டேன். வைத்திருப்பதானால் இந்தக் கடிதத்தையும் பக்கத்திலேயே வை. உன்னுடையதை மட்டும் படித்தால் பெயரை அழித்தவன் நீ என்று ஆகிவிடும். அது உண்மையில்லை.

வானுவைப் பொங்கலுக்கு அனுப்பு. அவளும் நாகமணியும் இதில் படுவது போதும். நீ இப்போது வர வேண்டாம். போனும் பண்ணாதே. எனக்கு எப்போது பேச வருகிறதோ அப்போது நானே கூப்பிடுகிறேன். ஒரு மாதமோ, ஒரு வருடமோ, தெரியாது. ஆனால் கூப்பிடுவேன்.

கருப்பசாமி